2000 வாட் ஸ்டிக்கரை நம்பாதீர்கள், மூடியைத் திறக்கச் சொல்லுங்கள்

பெரிய ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களிடம் அசெம்பிள்டு ஆம்ப்ளிஃபையரைத் தலையில் கட்டுகிற வேலை தொடர்ந்து நடக்கிறது. சமீபத்தில் ரிப்பேருக்கு வந்த ஒரு செட்டை வைத்தே விவரமாகச் சொல்கிறோம். கடையின் பெயர் வேண்டாம். எந்தக் கடையாக இருந்தாலும் பார்க்க வேண்டிய இடங்கள் இவைதான்.

வாங்கியவரிடம் ஏற்கெனவே 15 இஞ்ச் ஊஃபரும் (கனத்த ஒலிக்கு) ஹார்ன் ட்வீட்டரும் (கீச்சொலிக்கு) உள்ள இரண்டு பாக்ஸ் இருந்தன. தடை 8 ஓம், தாங்கும் சக்தி 400 வாட். "பெரிய ஸ்பீக்கருக்குப் பெரிய ஆம்ப்தான் சார் வேணும்" என்று சொல்லி, 2000 வாட் ஸ்டிக்கர் ஒட்டிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரை 18,500 ரூபாய்க்குக் கொடுத்திருக்கிறார்கள். சைடுக்கு நாலு பாக்ஸ் வரை தாராளமாகப் போடலாம் என்று வாய்வார்த்தை வேறு. அதை நம்பி இன்னொரு ஜோடி பாக்ஸ் வாங்கி, சைடுக்கு ஒன்றாகப் பேரலலில் சேர்த்துவிட்டார். புதியவை 4 ஓம். மூன்றாவது வாரத்தில் ட்வீட்டர்கள் போயின. அடுத்த வாரம் இடது பக்கத்து ஊஃபர் இரண்டும் கருகின. கடையில் கேட்டதற்கு, "ஸ்பீக்கர் லோக்கல் சார், அதான் தாங்கல" என்றார்களாம். ஸ்பீக்கரில் ஒரு குறையும் இல்லை.

மூடியைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது ட்ரான்ஸ்ஃபார்மர். இதில் இருந்தது 24-0-24 (நடு ஒயருக்கு இருபுறமும் 24 வோல்ட்), 5 ஆம்பியர். 48 வோல்ட்டை 5 ஆம்பியரால் பெருக்கினால் 240 விஏ (வோல்ட்-ஆம்பியர்), அது தரக்கூடிய சக்தியின் எல்லை. ஆம்ப்ளிஃபையர் தானாகச் சக்தியை உண்டாக்காது. ட்ரான்ஸ்ஃபார்மர் தருவதில் ஒரு பகுதியைத்தான் ஸ்பீக்கருக்கு அனுப்பும், மீதி ஹீட் சிங்க்கில் சூடாகப் போகும். 240 விஏ உள்ளே வரும் பெட்டியிலிருந்து 2000 வாட் தொடர்ந்து வெளியே வர வழியே இல்லை. ஸ்டிக்கரில் இருப்பது பிஎம்பிஓ (PMPO) கணக்கு, அதாவது ஒரு கண நேர உச்சம் என்று விளம்பரத்துக்குச் சொல்லும் வாட். அதற்கு எந்த அளவுகோலும் கிடையாது, விற்பவர் விரும்பிய எண்ணை அடித்துக்கொள்ளலாம். வீட்டு ஆம்ப்ளிஃபையர் விளம்பரத்தில் தொடர்ந்து தரும் சக்தியைத்தான் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவில் 1974இலேயே விதி கொண்டுவந்தார்கள்.

உண்மைக் கணக்கு இப்படி. 24 வோல்ட் ஏசி டயோடு பிரிட்ஜைத் தாண்டி சுமார் 33 வோல்ட் டிசி ஆகும். ட்ரான்சிஸ்டர்களில் 3 வோல்ட் போனால் உச்சம் 30 வோல்ட். 30ஐ 30ஆல் பெருக்கி, ஓமின் இரு மடங்கான 16ஆல் வகுத்தால் 56 வாட். ஒரு சேனலுக்கு 8 ஓமில் கிடைக்கக்கூடிய அதிகபட்சம் அவ்வளவுதான். இந்தப் பெட்டியில் அதுவும் வரவில்லை. இரண்டு சேனலையும் ஓட்டியபோது 33 வோல்ட் 29க்கு இறங்கி, சேனலுக்கு 43 வாட்தான் கிடைத்தது. காரணம் ட்ரான்ஸ்ஃபார்மரின் காயில். வெளியே வரும் ஒயர் செம்பு, உள்ளே சுற்றியிருப்பது அலுமினியம். சுற்றின் ஓரத்தில் எனாமலைக் கத்தியால் லேசாகச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். ஒரே தடிமனில் அலுமினியத்தின் ரெசிஸ்டன்ஸ் செம்பைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு. சத்தம் கூட்டக் கூட்ட வோல்ட் இறங்கும், காயில் கொதிக்கும்.

அடுத்தது ஓம். 8 ஓமும் 4 ஓமும் பேரலலில் சேர்ந்தால் 2.67 ஓம். 8 ஓமுக்குச் செய்த ஆம்ப்ளிஃபையரிடம் மூன்று மடங்கு கரண்ட் கேட்பதற்குச் சமம். அதை இந்த ட்ரான்ஸ்ஃபார்மரால் கொடுக்க முடியாது. வோல்ட் சரியும், அலையின் உச்சி வெட்டுப்படும். சத்தம் கரகரத்தாலும், 2000 வாட் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் வால்யூமை இன்னும் கூட்டுவார்கள். முழுக்க வெட்டுப்பட்ட அலையில், அதே உச்சமுள்ள சுத்தமான அலையைப்போல இரண்டு மடங்கு சக்தி இருக்கும். வெட்டுப்படும்போது புதிதாக முளைக்கும் உயர் அதிர்வெண்கள், ஒலியை ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் வழியாக நேரே ட்வீட்டருக்குப் போகும். சின்ன ஆம்ப்ளிஃபையர் பெரிய ஸ்பீக்கரின் ட்வீட்டரை எரிப்பது இப்படித்தான்.

ஊஃபர் எரிந்த கதை வேறு. சேனலுக்கு ஒரே ஒரு ஜோடி 5200, 1943 என்ற எண்ணுள்ள அவுட்புட் ட்ரான்சிஸ்டர், அதுவும் டூப்ளிகேட். மேலே அச்சு பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உடைத்துப் பார்த்தால் உள்ளே சிலிக்கான் துண்டு ஒரிஜினலில் பாதிகூட இராது. ஒன்று ஷார்ட் ஆனதும் சப்ளை டிசி அப்படியே ஸ்பீக்கருக்கு வந்துவிட்டது. 25 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தாலும், டிசிக்கு ஊஃபரின் ஓம் எழுதியிருப்பதைவிடக் குறைவு என்பதால், 8 ஓம் ஊஃபரில் சுமார் 100 வாட், 4 ஓம் ஊஃபரில் சுமார் 190 வாட். கோன் ஒரே பக்கம் தள்ளி நின்றுவிடும். அசைவு இல்லாததால் காற்றோட்டமும் இல்லை, வாய்ஸ் காயில் வெந்துபோகும். டிசி வந்தால் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் ரிலே போர்டு இதில் இல்லை, சப்ளை லைனில் ஃபியூஸும் இல்லை. இரண்டுக்கும் சேர்த்துச் சில நூறு ரூபாய்தான். அதை மிச்சம்பிடிக்கப் போய் ஆயிரக்கணக்கில் ஸ்பீக்கரை எரிக்க வைத்ததுதான் இதில் மன்னிக்க முடியாதது.

இத்தனைக்கும் அந்த வீட்டு ஹாலுக்கு 2000 வாட் தேவையே இல்லை. முதலில் இருந்த பாக்ஸின் சென்சிடிவிட்டி 97 டெசிபெல். 1 வாட்டில், 1 மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம். 43 வாட் கொடுத்தாலே 113 டெசிபெல். காது வலிக்கும். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபெல் மட்டும். 88 டெசிபெல் பாக்ஸ் வைத்திருப்பவர்தான் வாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். ஸ்பீக்கர் வாங்கும்போது எத்தனை வாட் என்று கேட்பதற்கு முன் சென்சிடிவிட்டி எவ்வளவு என்று கேளுங்கள்.

நேர்மையாகச் சேனலுக்கு 8 ஓமில் 100 வாட் வேண்டுமென்றால் 32-0-32, 6 ஆம்பியர் செம்பு ட்ரான்ஸ்ஃபார்மர், சேனலுக்கு இரண்டு ஜோடி 5200, 1943, ஒவ்வொரு சப்ளை லைனுக்கும் 10,000 மைக்ரோஃபாரட் 63 வோல்ட் கெப்பாசிட்டர், ரிலே போர்டு எல்லாம் இருக்க வேண்டும். கெப்பாசிட்டரின் மேலுறையை மாற்றி 4,700ஐ 10,000 என்று விற்கிறார்கள். மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஸ்விட்ச் போட்டு இரண்டு மூன்று விநாடி கழித்து 'டக்' என்று ரிலே சத்தம் கேட்க வேண்டும். ஸ்பீக்கர் மாட்டாமல், பாட்டு ஓடாமல், அவுட்புட்டில் டிசி அளந்தால் 50 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது.

கடையிலேயே பரிசோதிக்க வழி இருக்கிறது. 8 ஓம், 100 வாட் ரெசிஸ்டர் இரண்டு எடுத்துப்போங்கள். சேனலுக்கு ஒன்றாக மாட்டி, மொபைலிலிருந்து 50 ஹெர்ட்ஸ் டோன் கொடுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து வால்யூமை மெதுவாகக் கூட்டினால், ஓர் இடத்தில் வோல்ட் ஏறுவது மந்தமாகும். அந்த வோல்ட்டை அதனாலேயே பெருக்கி 8ஆல் வகுங்கள். 28 வோல்ட் வந்தால் 98 வாட். சில விநாடிகளில் முடித்துவிடுங்கள், ரெசிஸ்டர் சுட்டுவிடும்.

ஒயரையும் பாருங்கள். அந்த வீட்டில் 10 மீட்டருக்கு 14/36 ஒயர் (36 கேஜ் இழை 14 கொண்ட மெல்லிய ஒயர்) போட்டிருந்தார்கள். போக வர 20 மீட்டரில் ஏறக்குறைய 0.84 ஓம். 2.67 ஓம் லோடில் கால்வாசிச் சக்தி ஒயரிலேயே போய்விடும். அந்தத் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட வேண்டும். 8 ஓமையும் 4 ஓமையும் ஒரே சேனலில் கலக்க வேண்டாம்.

பில்லில் "8 ஓமில், இரண்டு சேனலும் ஓடும்போது, சேனலுக்கு இத்தனை வாட் ஆர்எம்எஸ்" என்று எழுதி வாங்குங்கள். ஆர்எம்எஸ் என்றால் தொடர்ந்து தரும் சக்தி. எழுத மறுக்கிற கடையில் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள், பில், ஸ்டிக்கரின் படம், உள்ளே இருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மரின் படம், அளந்த வோல்ட் நான்கையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுக்கலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. எரிந்த ஊஃபரை அதுவரை ரீகாயில் செய்யக் கொடுத்துவிடாதீர்கள், கருகிய வாய்ஸ் காயிலும் சாட்சிதான்.