கையெழுத்தா, மின்னஞ்சலா, காணொளியா?

எங்கள் பகுதி ஏரியில் குப்பை கொட்டுவதை நிறுத்தச் சொல்லி இணையத்தில் ஒரு மனு தொடங்கினோம். இரண்டே நாளில் ஆயிரத்துக்கு மேல் கையெழுத்து. அப்புறம்தான் உறைத்தது, மனு யாருக்கு என்றே நாங்கள் எழுதவில்லை. ‘சம்பந்தப்பட்ட அதிகாரிகளுக்கு’ என்று போட்டிருந்தோம். அதைப் படித்துப் பதில் சொல்ல வேண்டிய ஆள் என்று யாருமே இல்லை. கையெழுத்து மனுவின் பலவீனம் இதுதான். தொடங்குவது சுலபம், ஆட்களைச் சேர்க்கும், ஆனால் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் தெரியாது.

மின்னஞ்சல் வழி வேறு மாதிரி. 2015 மார்ச்சில், தொலைத்தொடர்புத் துறையை ஒழுங்குபடுத்தும் ஆணையமான டிராய், மக்களிடம் கருத்துக் கேட்டு ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. வாட்ஸ்அப், ஸ்கைப் மாதிரியான சேவைகளை ஒழுங்குபடுத்துவது பற்றி 118 பக்கம், 20 கேள்விகள். வேலைக்குப் போய் வருகிறவர் உட்கார்ந்து படிக்கிற சமாசாரமா அது? இணையத்தில் எல்லாத் தளங்களையும் சமமாக நடத்த வேண்டும் என்று கேட்ட ‘சேவ் தி இன்டர்நெட்’ தன்னார்வலர்கள் 20 கேள்விக்கும் பதில் எழுதித் தங்கள் தளத்தில் வைத்தார்கள். படித்து, வேண்டியதை மாற்றி, நம் பெயரில் அனுப்பலாம். கெடு நாளான ஏப்ரல் 24-க்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் போய்ச் சேர்ந்தன. அதற்குள்ளாகவே, பணம் கட்டும் நிறுவனங்களின் செயலிகளை மட்டும் டேட்டா கட்டணமில்லாமல் தரும் ஏர்டெல் ஜீரோ திட்டத்திலிருந்து ஃப்ளிப்கார்ட் விலகிக்கொண்டது.

அதே ஆண்டு டிசம்பரில் ஃபேஸ்புக்கும் இந்த வழிக்கு வந்தது. சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் தன் ஃப்ரீ பேசிக்ஸ் சேவையை ஆதரித்து ஒரே கிளிக்கில் டிராய்க்கு மின்னஞ்சல் அனுப்பும்படி பயனர்களைக் கேட்டது. அதுவும் லட்சக்கணக்கில் போனது. ஆனால் டிராய் இந்த முறை கேட்டிருந்த நான்கு கேள்விகளுக்கு அவற்றில் பதில் இல்லை. டிராய் அதை வெளிப்படையாகவே சொன்னது. 2016 பிப்ரவரி 8 அன்று, எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதை வைத்து டேட்டா கட்டணத்தை மாற்றுவதற்குத் தடை வந்தது. இரண்டு பிரசாரமும் தட்டியது ஒரே கதவைத்தான். தலைகளை எண்ணியிருந்தால் ஃபேஸ்புக் பக்கம் ஒன்றும் இளைத்ததில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னவர்களின் பேச்சுதான் எடுபட்டது.

சரி, யாரும் கருத்தே கேட்காதபோது? கொடைக்கானலில் யூனிலீவரின் இந்திய நிறுவனம் நடத்திய தெர்மாமீட்டர் ஆலைத் தொழிலாளர்களின் நிலை அதுதான். பாதரசக் கழிவு ஒரு பழைய சாமான் கடையில் குவிந்து கிடந்தது வெளியே தெரிந்து, 2001-ல் ஆலை மூடப்பட்டது. பாதரசம் உடம்பைக் கெடுத்துவிட்டது என்று தொழிலாளர்கள் 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். வருடங்கள் ஓடின. 2015 ஜூலைக் கடைசியில் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ஏறத்தாழ மூன்று நிமிட ராப் காணொளி வந்தது. யூனிலீவரைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டது. அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி பால் போல்மன் ட்விட்டரில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது.

இதைக் காணொளியின் வெற்றி என்று மட்டும் சொன்னால் தொழிலாளர்களுக்கு அநியாயம் செய்கிறோம். நோட்டீஸ், வழக்கு, மருத்துவச் சான்று என்று வருடக்கணக்கில் அவர்கள் அலைந்திருந்தார்கள். காணொளி பேசியது அந்த உழைப்பின் மேல் நின்றுதான். மண்ணைச் சுத்தம் செய்யும் பிரச்சினையோ அதோடு தீரவும் இல்லை. அதற்காக 2018-ல் இன்னொரு காணொளி வர வேண்டியிருந்தது.

ஹேஷ்டேக்கை நான் தனி வழியாக எண்ணுவதில்லை. 2017 ஜனவரியில் மெரினாவுக்கு ஆட்களைத் திரட்டியது கைப்பேசிதான். ஜல்லிக்கட்டுச் சட்டத்தை வரவழைத்தது, இரவும் பகலும் மணலில் உட்கார்ந்திருந்தவர்கள்.

நான் முதலில் தேடுவது திறந்திருக்கும் கதவை. கருத்துக் கேட்கிறார்களா, கெடு தேதி உண்டா என்று பார்ப்பேன். இருந்தால் மின்னஞ்சல்தான். இல்லாவிட்டால், ஆதாரம் கையில் இருக்கும்போது மட்டும் காணொளி. எங்கள் ஏரி மனுவைத் திருத்திவிட்டோம். இப்போது அது ஆணையருக்குப் போகிறது, தேதி போட்ட படங்களோடும் மூன்று கேள்விகளோடும். முதல் கேள்வி: ராத்திரியில் வரும் லாரி யாருடையது?