பட்டன் இல்லாத டயரும் பதினெட்டு இஞ்ச் ரிம்மும்

"ஏங்கண்ணு, டயருல பட்டனே இல்லீயே. இதுக்கு எவன் எஃப்.சி. குடுத்தான்?"

நாமக்கல்லில் நாற்பது வருஷமாக லாரி ஓட்டும் என் மாமா முதல்முறை ஃபார்முலா ஒன் பந்தயம் பார்த்தபோது கேட்ட கேள்வி இது. பட்டன் என்றால் டயரின் மேல் வெட்டியிருக்கும் பள்ளம் மேடு. அது இல்லாத மொட்டை டயரோடு லாரி ரோட்டில் இறங்கினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர். "தேஞ்சு போனதில்லீங்க மாமா, செய்யறப்பவே அப்படித்தானுங்க" என்றேன். அவர் நம்பவில்லை.

காய்ந்த தார்த்தளத்தில் பட்டனால் பிரயோஜனம் கிடையாது. பள்ளம் வெட்டிய இடமெல்லாம் தரையைத் தொடாத இடம். தண்ணீரை வெளியே தள்ளத்தான் அந்தப் பள்ளம். அதனால்தான் 1971-லிருந்தே மழையில்லாத பந்தயங்களில் மொட்டை டயர். நடுவில் 1998 முதல் 2008 வரை வரிப்பள்ளம் போட்ட டயர்களைக் கட்டாயமாக்கினார்கள். மழைக்காக அல்ல, பிடிமானத்தைக் குறைத்து வளைவுகளில் வேகத்தை மட்டுப்படுத்த. 2009-ல் மொட்டை திரும்பி வந்தது.

அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை நடந்தது இதற்காக இல்லை. மாமா மகன் கோவையில் இருக்கிறான். தன் ஸ்விஃப்ட்டின் 14 இஞ்ச் ரிம்மைக் கழற்றி 17 இஞ்ச் அலாய் மாட்டிவிட்டு வந்திருந்தான். "எஃப் ஒன்னுலயே பதினெட்டு வந்திருச்சு மச்சான், பெருசுதான் வேகம்" என்றான். மாமா பதிலே பேசாமல் டயரின் ஓரத்தை விரலால் அமுக்கிப் பார்த்தார். அங்கே அமுக்க ஒன்றும் இல்லை.

அவன் சொன்னதில் பாதி உண்மை. 2021 வரை ஃபார்முலா ஒன் ரிம் 13 இஞ்ச். மாருதி 800-க்கு 12 இஞ்ச் என்பதை நினைத்துக்கொண்டால் எவ்வளவு சின்னது என்று புரியும். 2022-ல் 18 ஆனது. ஆனால் டயரின் மொத்த உயரம் 670 மில்லிமீட்டரிலிருந்து 720-க்குத்தான் ஏறியது. ரிம் 127 மில்லிமீட்டர் வளர்ந்தபோது டயர் வளர்ந்தது வெறும் 50. மிச்சம் எங்கே போனது? டயரின் பக்கச்சுவரான சைடுவாலில் கழிந்தது. ரிம் விளிம்பிலிருந்து தரை வரை முன்பு சுமார் 170 மில்லிமீட்டர் ரப்பர் இருந்தது, 2022-ல் 130 சொச்சம் ஆனது. அகலத்தில் அப்போது மாற்றமில்லை, முன்னால் 305, பின்னால் 405.

அந்த 40 மில்லிமீட்டரில்தான் விஷயமே இருக்கிறது. பழைய பந்தயக் காரில் பள்ளம் மேட்டை வாங்கியதில் பெரும்பங்கு சஸ்பென்ஷனுடையது அல்ல, டயரின் தொந்தியுடையது. வளைவின் ஓரத்திட்டான கெர்பில் ஏறினால் சைடுவால் நசுங்கி எழும். கார் அதிகம் துள்ளாது. 18 இஞ்ச் வந்ததும் அந்த மெத்தை மெலிந்தது. அதே 2022-ல் சஸ்பென்ஷனில் துள்ளலை அடக்கும் இனர்ட்டர் போன்ற உதவிகளையும் தடை செய்தார்கள், அடித்தளத்தில் காற்றை உறிஞ்சித் தரையோடு ஒட்டும் வடிவமும் வந்தது. அந்த வருஷம் நேர்சாலையில் கார்கள் குதித்ததையும், ஓட்டுநர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கியதையும் பார்த்திருப்பீர்கள். குதிப்புக்கு முதல் காரணம் அடித்தளக் காற்றுதான். ஆனால் அடி வாங்கிக்கொள்ள மெத்தை குறைவாக இருந்ததும் சேர்ந்துகொண்டது.

அதற்காக 13 இஞ்ச்தான் தெய்வம் என்று நான் சொல்ல மாட்டேன். தொந்தி நசுங்கும்போது டயரின் வடிவம் மாறும், வடிவம் மாறினால் அதைச் சுற்றி ஓடும் காற்றும் மாறும். வளைவுக்கு வளைவு வேறாகும் காற்றைக் கணக்குப் போடுவது பொறியாளர்களுக்குப் பெரிய தலைவலி. விறைப்பான சைடுவால் வந்ததும் கணக்கு எளிதானது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரமும் தாமதிக்காமல் திரும்பும். நசுங்கி நசுங்கி உள்ளுக்குள் சூடேறுவதும் குறையும். ரிம்முக்குள் இடம் கிடைத்ததால் முன் பிரேக் டிஸ்க் 278-லிருந்து 328 மில்லிமீட்டருக்குப் போனது.

கனம்தான் கசப்பு. காரின் குறைந்தபட்ச எடை 2021-ல் 752 கிலோ, 2022-ல் 798. ஏற்றம் முழுவதும் சக்கரத்தால் அல்ல, ஆனால் சக்கரத்துக்கும் பங்குண்டு. அதிலும் சுழலும் கனம் வேறு மாதிரியானது. ரேக்ளா வண்டி கட்டுகிறவரைக் கேளுங்கள், எங்கே கனத்தைக் குறைக்க வேண்டும் என்று முதலில் சக்கரத்தைத்தான் காட்டுவார்.

அப்புறம் ஏன் மாறினார்கள்? வேகத்துக்காக இல்லை என்பது என் கட்சி. கடையில் விற்கிற காரில் 13 இஞ்ச் ரிம் குறைந்துகொண்டே வருகிறது. விற்பனை குறையும் அளவில் டயர் செய்து எந்தக் கம்பெனி பெருமை பேசும்? மிஷலின் பல வருஷமாக 18 வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தது. மாற்றம் வந்தபோது டயர் கொடுத்தது 2011-லிருந்து ஒரே சப்ளையராக இருக்கும் பிரெல்லி. அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயமும் அதே 2022-ல்தான் 15 இஞ்ச் இரும்பு ரிம்மிலிருந்து 18 இஞ்ச் அலுமினியத்துக்குத் தாவியது. இரண்டு பந்தயங்களும் ஒரே வருஷத்தில் ஒரே எண்ணுக்கு வந்ததில் ஷோரூமின் கை இருக்கிறது. 2026 விதிகளுக்காக 16-க்கு இறக்கலாமா என்றுகூட ஒரு பேச்சு எழுந்தது. கடைசியில் 18 அப்படியே நின்றது, அகலத்தை முன்னால் 25, பின்னால் 30 மில்லிமீட்டர் குறைத்தார்கள், டயரின் உயரத்தையும் கொஞ்சம் குறைத்தார்கள்.

சின்னதற்கு எல்லை எது என்று பார்த்தவர்களும் உண்டு. 1976-ல் டிரல் அணி ஆறு சக்கரக் கார் ஒன்றைக் கொண்டுவந்தது. முன்னால் 10 இஞ்ச் சக்கரம் நான்கு, காற்றில் முட்டாமல் மூக்குக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஸ்வீடனில் முதலிடமும் இரண்டாமிடமும் அதற்கே. ஆனால் அந்த அளவு டயர் உலகத்தில் அந்த ஒரு அணிக்கு மட்டும்தான் தேவை. மற்ற எல்லாருக்குமான டயரைக் குட்இயர் வருஷா வருஷம் மெருகேற்றியது, 10 இஞ்ச் பின்தங்கியது. 1977-உடன் கதை முடிந்தது. யோசனை தோற்கவில்லை, டயர்தான் தோற்றது.

டயர் தோற்றால் என்ன ஆகும் என்பது கோவைக்காரர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். 2005, இண்டியானாபொலிஸ். அந்த வருஷ விதிப்படி தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் ஒரே செட் டயர். சரிவாகக் கட்டப்பட்ட 13-ஆம் வளைவில் மிஷலின் டயர்களின் சைடுவால் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை ரால்ஃப் ஷூமாக்கர் சுவரில் மோதினார். ஞாயிறன்று அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் மிஷலின் போட்ட 14 கார்களும் பந்தயத்தில் இறங்காமல் பிட்டுக்குள் திரும்பிவிட்டன. களத்தில் மிச்சம் ஆறு பிரிட்ஜ்ஸ்டோன் கார்கள். அதில் ஜோர்டான் காரில் இருந்த நம்ம கோவை நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளி எடுத்தார். அந்த வருஷத்தின் 19 பந்தயங்களில் 18-ஐ ஜெயித்தது மிஷலின்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். வேகமான டயர் எது என்றால் மிஷலின். அந்த ஒரு வளைவுக்கு மட்டும் பிரிட்ஜ்ஸ்டோன்.

இதையெல்லாம் சொல்லியும் மச்சான் அசையவில்லை. கடைசியாக உலக ராலியை எடுத்தேன். அங்கே தார் ரோடு என்றால் 18 இஞ்ச், மண் ரோடு என்றால் அதே காருக்கு 15 இஞ்ச். கல் அடித்தால் ரிம் பிழைக்க ரப்பர் வேண்டும். ஆக, கேள்வி ரோடு எது என்பது. கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி பந்தய டிராக்கின் வழவழத் தளத்தில் 17 இஞ்ச் போடு, நான் வாயைத் திறக்க மாட்டேன். தோட்டத்துச் சாலைக்குப் போக 14 போதும், 15 தாராளம்.

"ரிம் வளைஞ்சா தட்டி நிமித்திக்கலாம் மச்சான்" என்றான். அதற்கு மேல் என்ன சொல்வது.

மாமாவுக்கு இதெல்லாம் ஏறவில்லை. அதற்குள் டி.வி.யில் மழை பிடித்துக்கொண்டது. கார்கள் வரிசையாக உள்ளே வந்து நீலக்கோடு போட்ட டயருக்கு மாறின. பள்ளம் பள்ளமாக வெட்டிய டயர், 300 கிலோமீட்டர் வேகத்தில் ஒவ்வொன்றும் நொடிக்கு 85 லிட்டர் தண்ணீரைத் தள்ளும். மாமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இப்பத்தான் கண்ணு டயரு மாட்டறானுக. மொதல்லயே மாட்டித் தொலைஞ்சிருக்கலாமல்ல?"