அஞ்சு நாள் கரண்டா, ஆறு வாரக் கரண்டா? நுரையீரல் புற்றுநோய்க்காரர் வீட்டில் முதலில் கேட்க வேண்டியது

நுரையீரல் புற்றுநோய்க்குக் கரண்டு, அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைக்கணும் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே வீட்டில் ஒரு கேள்வி கிளம்பிவிடும். "அஞ்சு நாள்ல முடியும்னு சொல்லுதாவளே மாமா, பொறவு எதுக்கு ஆறு வாரம் அலையணும்?" அம்பாசமுத்திரத்திலிருந்தும் களக்காட்டிலிருந்தும் தினமும் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறுகிற குடும்பம் அப்படிக் கேட்பதில் தப்பே இல்லை. நோயாளியின் கூலியும் போகும், துணைக்கு வருகிறவரின் கூலியும் போகும். ஆனாலும் நாள் கணக்கை வைத்து இதை முடிவு செய்யவே கூடாது. கட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. அபூர்வமாக வந்து ஆளையே சாய்க்கிற பின்விளைவுகள் பெரும்பாலும் அந்த இடத்தைப் பொறுத்தே வருகின்றன.

ஆறு வாரம் என்பது வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு 2 கிரே (கரண்டை அளக்கும் அலகு), ஆக 30 தடவையில் 60 கிரே. நெஞ்சின் நடுவிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிய மூன்றாம் நிலை நோய்க்கு, தாங்குகிற உடம்பாக இருந்தால் கீமோவும் சேர்த்தே கொடுப்பார்கள். அஞ்சு நாள் என்று ஊரில் சொல்வது எஸ்.பி.ஆர்.டி. (SBRT), கட்டியைக் குறிவைத்துச் சில தடவையிலேயே அதிக அளவு கொடுக்கிற முறை. பெரும்பாலும் 3 முதல் 5 தடவை. ஒரு தடவைக்கே 10 முதல் 18 கிரே வரை போகும். மூச்சோடு கட்டி எப்படி அசைகிறது என்று காட்டும் சி.டி.யும், ஒவ்வொரு தடவையும் படம் எடுத்து இடத்தைச் சரிபார்க்கும் லீனாக் என்ற கரண்டு மெஷினும் இதற்கு வேண்டும். கணுக்களுக்குப் பரவாத சிறிய கட்டி, ஆனால் ஆபரேஷன் தாங்காத உடம்பு என்கிறவர்களுக்கானது இது. மூன்றாம் நிலைக்காரர் ஆறு வாரத்துக்குப் பதிலாக இதைக் கேட்பதில் அர்த்தமில்லை. அவர் விஷயத்தில் இரண்டு முறைக்கும் நடுவில் போட்டியே கிடையாது.

போட்டி உள்ள இடத்தில், அதாவது நுரையீரலின் ஓரத்தில் உள்ள சின்னக் கட்டிக்கு, குறுகிய முறைதான் ஜெயிக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. வழக்கமான முறையில் 31 சதவீதம் பேருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது. குறுகிய முறையில் 14 சதவீதம். ஓரக் கட்டிக்காரர் யாராவது என்னிடம் கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

நடுவில் இருக்கிற கட்டி என்றால் கதையே வேறு. 2006-இல் அமெரிக்காவின் இண்டியானாவிலிருந்து வந்த ஆய்வில், ஓரக் கட்டிக்காரர்களில் 83 சதவீதம் பேர் இரண்டு வருஷம் வரை கடுமையான பாதிப்பு இல்லாமல் இருந்தார்கள். பெரிய மூச்சுக்குழாய்களை ஒட்டிய கட்டி இருந்தவர்களில் அது 54 சதவீதம்தான். அதிலிருந்துதான் மூச்சுக்குழாயைச் சுற்றி 2 சென்டிமீட்டர் என்ற எல்லையை எல்லோரும் பார்க்கத் தொடங்கினார்கள். அதற்கப்புறம் 8 தடவையாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2021-இல் வெளியான நார்டிக் நாடுகளின் ஆய்வில், மூச்சுக்குழாயிலிருந்து 1 சென்டிமீட்டருக்குள் கட்டி இருந்த 65 பேருக்கு அப்படி 56 கிரே கொடுத்தார்கள். சிகிச்சையின் விளைவாகவே 10 பேர் இறந்தார்கள். அதில் 8 பேர் ரத்தக் கசிவால். மூச்சுக்குழாயின் சுவர் அரித்து, பக்கத்து ரத்தக்குழாய் விட்டுப்போய், இருமலோடு ரத்தமாகக் கொட்டுவது அது. நாலு வாரம் மிச்சமாகும் என்பதற்காக எடுக்கிற ஆபத்து இல்லை இது.

ஓரத்துக் கட்டியிலும் குறுகிய முறைக்கென்று சில வில்லங்கங்கள் உண்டு. கட்டி நெஞ்சுச் சுவரை ஒட்டியிருந்தால் விலா எலும்பு பலமிழந்து, ஒரு வருஷம் ஒன்றரை வருஷம் கழித்து, அடியே படாமல் முறியலாம். பலருக்கு வலிகூட இராது. படம் எடுக்கும்போதுதான் தெரியும். நோய் எலும்புக்குப் பரவிவிட்டதோ என்று வீடே கலங்கிப்போகும். எல்லா முறிவும் பரவல் இல்லை. கரண்டு போன பாதையிலேயே முறிவு இருக்கிறதா என்று கேளுங்கள். நுரையீரலின் உச்சியில், காறை எலும்புக்குக் கீழே கட்டி இருந்தால் கைக்குப் போகும் நரம்புக் கற்றை பாதிக்கப்படலாம். எனக்குத் தெரிந்த பெரியப்பா ஒருவருக்கு முதலில் தெரிந்தது சட்டைப் பொத்தானில்தான். விரல் பொத்தானைத் தேடும், பிடிக்காது; அப்புறம் தோளிலிருந்து சுண்டுவிரல் வரை மதமதப்பு. வாதம் என்று நினைத்து ஆறு மாதம் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு வார முறையின் ஆபத்துகள் வேறு மாதிரி. அங்கே கரண்டு பாய்கிற பரப்பு பெரிது. உணவுக்குழாய், இதயம், முதுகுத்தண்டு எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. மூன்றாவது வாரத்தில் சோறு இறங்காமல் எரிவது சகஜம், ஆறிவிடும். அபூர்வம் அதற்குப் பிறகு வருவது: உணவுக்குழாய் சுருங்கிப்போவது, இல்லையென்றால் அதற்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவில் ஓட்டை விழுவது. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்ததும் புரை ஏறின மாதிரி ஒவ்வொரு தடவையும் இருமல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 60 கிரேக்குப் பதில் 74 கொடுத்தால் இன்னும் நல்லதுதானே என்று அமெரிக்காவில் சோதித்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். கூடுதலாக வாங்கியவர்களில் பாதிப் பேர் 20.3 மாதத்துக்கு மேலும், 60 வாங்கியவர்களில் பாதிப் பேர் 28.7 மாதத்துக்கு மேலும் உயிரோடு இருந்தார்கள். இதயத்துக்குப் போன கரண்டும் இதில் ஒரு காரணமாகப் பேசப்படுகிறது.

சிகிச்சை முடிந்து இரண்டு மூன்று மாதத்தில், குனிந்து சோறு பிசையும்போது கழுத்திலிருந்து முதுகு வழியாகக் காலுக்கு ஷாக் அடித்த மாதிரி ஓடினால் பயந்துவிட வேண்டாம். முதுகுத்தண்டின் தற்காலிக எரிச்சல் அது, பெரும்பாலும் தானாகப் போய்விடும். டாக்டரிடம் சொல்லிவைத்தால் போதும். கால் பலம் குறைவது, மூத்திரம் கட்டுப்படாமல் போவது வேறு; அது நிரந்தரச் சேதமாக இருக்கலாம். வழக்கமான முறையில் தண்டுவடத்துக்கு 50 கிரே போனால்கூட ஆயிரத்தில் இரண்டு பேருக்குத்தான் அப்படி வருகிறது என்று கணக்கு.

இரண்டு முறைக்கும் பொதுவான எதிரி நுரையீரல் அழற்சி. முடிந்து ஒரு மாதம் முதல் ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமல், மூச்சு வாங்கல், லேசான காய்ச்சல். கீமோவோடு சேர்த்து வாங்கியவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு இது தொந்தரவு தருகிறது; சுமார் 2 சதவீதம் பேருக்கு உயிரையே எடுக்கிறது. 65 வயதைத் தாண்டி, கார்போபிளாட்டின், பக்லிடாக்சல் என்ற கீமோ மருந்துகள் ஏறியவர்களுக்கு ஆபத்து அதிகம். குறுகிய முறையில் இது குறைவு. ஆனால் ஏற்கெனவே நுரையீரல் தழும்பாகி நார்போல ஆனவர்களுக்கு இரண்டுமே ஆபத்து. முக்கூடல், ஆலங்குளம் பக்கத்தில் வருஷக்கணக்கில் பீடி குடித்த ஆள் என்றால், தொடங்குமுன் சி.டி.யில் இதைப் பார்த்தீர்களா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

இந்த அழற்சி வருவது ஊருக்குத் திரும்பிய பிறகு. நம் பக்கம் இருமல் என்றால் முதலில் சளி மருந்து, அப்புறம் ஆன்டிபயாடிக், அப்புறம் டிபியோ என்ற சந்தேகம். எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவதும் அந்தச் சந்தேகத்துக்குத் தோதாக இருக்கும். சளிப் பரிசோதனை செய்யத்தான் வேண்டும். கூடவே, எந்தத் தேதியில் முடிந்தது, எந்தப் பக்கம், எத்தனை கிரே என்று எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டை உள்ளூர் டாக்டர் மேஜையில் வைத்துவிட வேண்டும். கரண்டு போன வடிவத்திலேயே அந்த வெள்ளை இருந்தால், தேவைப்படுவது ஸ்டீராய்டு. அதையும் டாக்டர் சொல்கிறபடி வாரக்கணக்கில் கொஞ்சங் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். இருமல் நின்றுவிட்டதே என்று பத்தாம் நாள் மாத்திரையை நிறுத்தினால் அழற்சி திரும்பவும் வரும்.