மருத்துவ அறநெறி: கோட்பாட்டின் வழியா, உளவியலின் வழியா?

மருத்துவ அறச்சிக்கல்களை அணுகும் ஒரு வழி, அமெரிக்க அறநெறி அறிஞர்களான பீச்சமும் சில்ட்ரெஸும் 1979-இல் முன்வைத்த தன்னுரிமை (நோயாளி தனக்கானதைத் தானே முடிவெடுப்பது), நன்மை செய்தல், தீங்கு தவிர்த்தல், நீதி ஆகிய நான்கு கோட்பாடுகளிலிருந்து தொடங்குகிறது. மற்றொன்று, மனிதர்கள் உண்மையில் எப்படிச் சரி, தவறு என்று தீர்மானிக்கிறார்கள் என்பதை ஆராயும் உளவியலிலிருந்து தொடங்குகிறது.

முதல் வழி காரணத்தை வெளிப்படையாகச் சொல்ல வைக்கிறது. ஆனால் கோட்பாடுகள் மோதும்போது எதற்கு எடை கூடுதல் என்பதைப் பெரும்பாலும் மருத்துவரின் உள்ளுணர்வே முடிவு செய்கிறது. அந்த உள்ளுணர்வை எவ்வளவு நம்பலாம் என்று இந்த வழி கேட்பதில்லை.

உளவியல் கேட்கிறது. 1982-இல் வெளிவந்த ஆய்வொன்றில், நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையா, கதிர்வீச்சா என்று மருத்துவர்களிடமே கேட்டார்கள். பிழைப்போரின் எண்ணிக்கையைச் சொன்னபோது 84 சதவீதத்தினர் அறுவை சிகிச்சையைத் தேர்ந்தனர். அதே தகவலை இறப்போரின் எண்ணிக்கையாகச் சொன்னபோது அது 50 சதவீதமாகச் சரிந்தது. நோயாளியின் சம்மதம் ஒரு சொற்றொடரைப் பொறுத்து மாறுமானால், தன்னுரிமையைக் காத்துவிட்டோம் என்று சம்மதப் படிவத்தில் உள்ள கையொப்பத்தைக் காட்டிச் சொல்வது எளிதல்ல.

உளவியலுக்கும் எல்லை உண்டு. செயற்கை சுவாசக் கருவியைத் தொடக்கத்திலேயே பொருத்தாமல் விடுவதைவிட, பொருத்தியதை அகற்றுவது பல மருத்துவர்களுக்கு மனத்தளவில் கடினம்; அறநெறி அறிஞர்களில் பலரோ இரண்டும் ஒன்றே என்கிறார்கள். அந்தத் தயக்கம் வெறும் மனச்சாய்வா, மதிக்கத்தக்க உணர்வா என்பதை எந்தச் சோதனையும் தீர்ப்பளிக்காது. ஆகவே, சம்மதம் பெறும் முறையை வகுக்க உளவியலையும், கருவியை அகற்றலாமா என்பதற்குக் கோட்பாட்டையுமே நான் முதலில் நாடுவேன்.