ராக் கிராலிங் போகப் பணம் கட்டப் போகிறீர்களா? ஒரு நிமிடம் நில்லுங்கள்

கோபம் ஆறட்டும் என்று இரண்டு வாரம் எழுதாமல் இருந்தேன். ஆறுகிற மாதிரி தெரியவில்லை. சரி, எழுதிவிடுகிறேன்.

ஒரு ஃபோர் வீல் டிரைவ் கிளப் நடத்திய வார இறுதி ராக் கிராலிங் பயணம், அதாவது பாறைகள் மேல் வண்டியை ஊர்ந்து ஏற்றி ஓட்டுவது. கிளப் பெயரைப் போடப் போவதில்லை. அவர்கள் விளம்பரத்தில் இருந்தது இது: புதியவர்களுக்கு ஏற்ற பாதை, மொத்தமே 8 வண்டி, 4 வண்டிக்கு ஒரு அனுபவசாலி ஸ்பாட்டர் (வெளியே நின்று கையைக் காட்டி வழி சொல்பவர்), வண்டி மாட்டிக்கொண்டால் மீட்டுத் தருவதும் கட்டணத்திலேயே அடக்கம். முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை போய்ப் பார்த்தால் 19 வண்டி நிற்கிறது. அதில் இரண்டில் லோ ரேஞ்சே கிடையாது. வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டித் தருகிற தனி கியர் அது. இது முறுக்கிக்கொண்டு ஏறுகிற விளையாட்டு இல்லை. நடக்கிற வேகத்தைவிட மெதுவாக, எந்தக் கல்லில் எந்த டயர் என்று பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும். ஜீப் ரூபிகானில் லோ ரேஞ்ச் விகிதத்தை 4:1 என்று வைத்திருப்பதே அப்படி ஊர்ந்து போகத்தான். அந்த இரண்டு பேரிடமும் என்ன வண்டி என்றுகூட யாரும் கேட்கவில்லையாம். மதியத்துக்குள் ஒருவருக்கு கியர்பாக்ஸ் சூடேறி எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பாறை மேல் உட்கார்ந்துவிட்டார், பாவம்.

அப்புறம் டயர் காற்று. சாலையில் 32, 35 பிஎஸ்ஐ வைத்து ஓட்டுகிற டயரை 18 வாக்கில் இறக்கினால்தான் அது கல்லின் மேடு பள்ளத்தில் படிந்து பிடிக்கும். ரொம்பவும் இறக்கினால், பீட்லாக் (டயர் விளிம்பை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கிற வளையம்) இல்லாத ரிம்மிலிருந்து டயர் கழன்றுவிடும். அதனால் ஒவ்வொரு வண்டியையும் பார்த்து எவ்வளவு என்று சொல்ல ஆள் வேண்டும். நான் கேட்டபோது குழுத்தலைவர் சொன்ன பதில்: "அதெல்லாம் வேண்டாம் சார், கம்ப்ரஸர் எடுத்துட்டு வரல." இறக்கினால் மறுபடி ஏற்ற வழியில்லை, அதனால் இறக்க வேண்டாம்! அங்கேயே வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும். கட்டின பணம் கண்ணை மறைத்துவிட்டது.

முழங்கால் உயரப் பாறை ஒன்றில் என் முறை வந்தது. ஸ்பாட்டர் என்றால் ஒரே ஒருவர்தான் இருக்க வேண்டும். ஓட்டுபவர் அவர் கையை மட்டும் பார்க்க வேண்டும். எனக்கு இரண்டு பேர் வாய்த்தார்கள். இடப்பக்கம் நின்றவர் வலது என்கிறார், வலப்பக்கம் நின்றவர் நேரே வா என்கிறார். இரண்டாமவர் கழுத்தில் கேமரா. அவர் படம் எடுக்க வந்தவர், ஆள் பற்றாக்குறையால் ஸ்பாட்டர் ஆக்கப்பட்டவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

பாறையை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டு வரச் சொன்னார் அவர். என் வண்டியின் பின்னச்சில் எல்லாவற்றையும்விடத் தாழ்ந்து இருப்பது டிஃபரென்ஷியல், அதாவது இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துத் தருகிற கியர் உருண்டை. டயரைப் பாறை மேல் ஏற்றினால் அதுவும் கூடவே உயரும். நடுவில் விட்டால் நேராகப் போய் அதன் மேல் உட்காரும். தெரிந்தும் அவர் கையை நம்பினேன். அது என் தப்பு. முதலில் 'டங்' என்று ஒரு சத்தம். அடுத்து சீட்டுக்கு அடியில் பல் கூசுகிற மாதிரி ஒரு நீண்ட கீறல். வண்டி ஒரு பக்கமாகச் சரிந்து, கதவுக்குக் கீழே இருக்கிற தகடு காகிதம் மாதிரி மடங்கியது. பக்கவாட்டில் பாறை இடியைத் தாங்குகிற ராக் ஸ்லைடர் என்ற இரும்புக் குழாய் போட்டிருந்தால் அந்தத் தகடு தப்பியிருக்கும். "நம்ம பாதைக்கு அது தேவையே இல்லை" என்று போனில் சொன்னவர்களும் இவர்களே.

இதைவிடப் பயங்கரம், மீட்க வந்த விதம். ஒரு பையன் இழுவைக் கயிற்றை எடுத்து வந்து, பின்னால் இருந்த டோ பாலில் (டிரெய்லர் மாட்டுகிற உருண்டையில்) மாட்டப் போனான். தயவுசெய்து இதை யாரையும் செய்ய விடாதீர்கள். டோ பால் டிரெய்லரைச் சீராக இழுக்கச் செய்தது. மாட்டிக்கொண்ட வண்டியை வெடுக்கென்று இழுக்கும்போது அது முறிந்தால் பீரங்கிக் குண்டு மாதிரி பறக்கும்; இதில் உயிரே போயிருக்கிறது. கயிற்றை, சேசிஸில் பொருத்திய மீட்புக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். "எப்பவும் இப்படித்தான் செய்றோம்" என்று சிரித்தார் தலைவர்.

கடைசியில் காப்பாற்றியது எனக்குப் பின்னால் ஜிம்னியில் வந்த ஒரு அம்மா. "அவங்களை விடுங்க தம்பி, ஜாக் இருக்கா?" என்றார். அச்சைத் தூக்கி, பின்டயர்களுக்கு அடியில் தட்டைக் கல்லாகப் பார்த்து அடுக்கி, காற்றை அவரே 18க்கு இறக்கிவிட்டு, லோ ரேஞ்சில் ரிவர்ஸ் போடச் சொன்னார். அரை மணி நேரத்தில் வண்டி வெளியே.

சாயங்காலம் என்னிடம் மீட்புக் கட்டணம் கேட்டார்கள். இவர்கள் மீட்கவே இல்லையே என்றேன். காலையில் அவசர அவசரமாகப் போனில் கையெழுத்து வாங்கிய படிவத்தைக் காட்டினார்கள். 'மீட்புச் செலவும் அதற்கான நேரமும் பங்கேற்பாளர் பொறுப்பு.' விளம்பரத்தில் அடக்கம், படிவத்தில் தனி. ஞாயிறு பயணம் ரத்து. தலைவர் வண்டியில் ஸ்டீயரிங் ராடு வளைந்துவிட்டதாம். பாதிப் பணமாவது கேட்டால், அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

போகத்தான் போகிறீர்கள் என்றால், அந்தப் படிவத்தைப் பணம் கட்டுவதற்கு முன்பே அனுப்பச் சொல்லுங்கள். எத்தனை வண்டி, யார் ஸ்பாட்டர், கம்ப்ரஸர் உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். இன்சூரன்ஸ் பாலிசியையும் ஒரு தரம் எடுத்துப் பாருங்கள். ஆஃப் ரோடு சேதத்துக்குப் பணம் தராத பாலிசிகள் உண்டு. என்னுடையது அதில் ஒன்று.

இதையெல்லாம் குழுவில் எழுதினேன். பத்து நிமிடத்தில் என்னை நீக்கிவிட்டார்கள். நேற்று நண்பர் ஒருவர் அவர்களுடைய அடுத்த பயண விளம்பரத்தை அனுப்பினார். மேலே பெரிய எழுத்தில் 'புதியவர்களுக்கு ஏற்ற பாதை', கீழே ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிய சிவப்பு வண்டி. என்னுடையதுதான். அந்தக் கேமராக்காரர் ஸ்பாட்டர் வேலையை எந்த நொடியில் விட்டார் என்று இப்போது புரிகிறது.