ஆங்கிலத்துக்காகப் பதிவு செய்தேன், இருமல் மாட்டிக்கொண்டது

தினமும் இரவு மூன்று நிமிடம் ஆங்கிலத்தில் ஏதாவது பேசி, அதைச் செல்பேசியில் பதிவு செய்வது என்று தொடங்கி 16 மாதம் ஆகிறது. சோம்பலால் விட்டுப்போன நாட்களைக் கழித்தால் 410 பதிவுகள் கையில் இருக்கின்றன. வகுப்பு எதிலும் சேரவில்லை. செல்பேசியோடு வந்த சாதாரண ஒலிப்பதிவுச் செயலி, ஒரு ஹெட்போன், சாத்திய கதவு, அவ்வளவுதான். இதனால் பேச்சு எவ்வளவு தேறியது என்று மட்டும் எழுதத்தான் நினைத்தேன். ஆனால் இதே பதிவுகள் எனக்கு வந்த ஒரு நீண்ட இருமலின் காரணத்தையும் காட்டிக்கொடுத்தன. அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

என் நிலைமை பலருக்கும் தெரிந்ததுதான். வாசித்தால் புரியும், எழுதினால் பெரிய பிழை வராது, வாயைத் திறந்தால் மட்டும் வார்த்தை வராது. முதல் பதிவைக் கேட்டபோது இது என் குரலே இல்லை என்று தோன்றியது. நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டையோட்டு எலும்பு வழியாகவும் காதுக்குப் போகிறது. எலும்பு கனத்த ஒலிகளைத் தூக்கிக் கொடுக்கும். பதிவில் அது இல்லாததால் குரல் மெலிந்து கேட்கிறது. அந்தக் கூச்சம் போகவே மூன்று வாரம் ஆனது. பலர் இந்த மூன்று வாரத்துக்குள்தான் விட்டுவிடுகிறார்கள் என்பது என் ஊகம்.

கூச்சம் போன பிறகு தவறுகள் ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தன. ‘ஒன்லி’ என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு ‘வொன்லி’ என்று சொல்லியிருக்கிறேன். ‘எம்’ என்ற எழுத்து ‘யெம்’ ஆகியிருக்கிறது. ‘பஸ்’ என்பதற்குப் பின்னால் ஒரு சின்ன உகரம். இது நம் மொழியின் வேலை. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது, குற்றியலுகரம் ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தை ஆங்கிலத்துக்கும் கொண்டுபோய்விடுகிறோம். இதெல்லாம் பேசும்போது ஒருநாளும் எனக்குக் கேட்டதில்லை, பதிவில் மட்டும்தான் கேட்டது.

தமிழ் உதவிய இடமும் உண்டு. ‘திஸ்’, ‘தட்’ என்பவற்றில் வரும் மெல்லிய ஒலிக்காக நாக்கைப் பல்லுக்கு வெளியே நீட்டிப் பாடாய்ப் பட்டேன். பிறகுதான் உறைத்தது: ‘அது’ என்று சாதாரணமாகச் சொல்லும்போது நடுவில் வரும் தகரம் கிட்டத்தட்ட அந்த ஒலிதான். ‘தம்பி’யில் வருகிற தகரம் இல்லை, ‘அது’வில் வருவது. அதைச் சொல்லின் முதலுக்கு நகர்த்தினால் போதும். ஆனால் ‘வெரி’யில் வரும் வகரமும் ‘வெல்’லில் வரும் வகரமும் வேறு வேறு. முதலாவதுக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும், இரண்டாவதுக்கு உதடு குவிய வேண்டும். இதை எழுதிக்காட்டக்கூட நம்மிடம் இரண்டு எழுத்து இல்லை. 16 மாதம் கழித்தும் நான் இதில் தடுமாறுகிறேன்.

உச்சரிப்பைவிடப் பெரிய மாற்றம் தந்தது அழுத்தம். தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் ஓர் அசை தூக்கலாக நிற்கும், மற்றவை பாதி விழுங்கப்படும். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசை, ‘ஃபோட்டோகிராஃபர்’ என்பதில் இரண்டாவது, ‘ஃபோட்டோகிராஃபிக்’ என்பதில் மூன்றாவது. ‘ரெக்கார்ட்’ பெயர்ச்சொல்லாக இருந்தால் முன்னால் அழுத்தம், வினைச்சொல்லாக இருந்தால் பின்னால். இதைச் சரிசெய்ய ஷேடோயிங் செய்தேன். ஒருவர் பேசுவதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே, ஒரு நொடி பின்னால் அவர் நிழலைப் போலத் தொடர்ந்து சொல்லிக்கொண்டு போவது. உடனுக்குடன் மொழிபெயர்ப்பவர்களுக்குப் பயிற்சியில் இதைத் தருவார்கள். ஒரு நிமிடத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வாரம் முழுவதும் அதையே ஓட்டுவேன். சலிப்பான வேலை, ஆனால் பலன் தெரிந்தது. முதல் இரண்டு மாதம் நான் மனப்பாடம் செய்த சொற்பட்டியலில் ஒரு சொல்கூட அவசரத்துக்கு வாயில் வரவில்லை.

சரி, இருமலுக்கு வருகிறேன்.

ஏழாவது மாதம் வாக்கில் வறட்டு இருமல் ஆரம்பித்தது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, தொண்டையில் இறகு வைத்துத் தடவுவது போல ஒரு குறுகுறுப்பு. தினமும் சத்தமாகப் பேசிப் பழகுவதால்தான் என்று முடிவுகட்டி 12 நாள் பயிற்சியை நிறுத்தினேன். இருமல் நிற்கவில்லை. முதலில் பார்த்த மருத்துவர் சிரப் எழுதிக்கொடுத்தார். அதற்கும் அடங்கவில்லை. நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. அப்புறம் ஒரு நுரையீரல் நிபுணரை வீடியோ அழைப்பில் பார்த்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது. பயிற்சிக்கு இதைவிட நல்ல தேர்வு கிடைக்குமா?

தேர்வில் நான் பாஸாகவில்லை. ‘காஃப் சின்ஸ் த்ரீ வீக்ஸ்’ என்றேன். ‘மூன்று வாரமாக’ என்பதை அப்படியே மாற்றினால் நமக்கு வருவது இதுதான். கால அளவு சொன்னால் ‘ஃபார்’, தொடங்கிய நாளைச் சொன்னால்தான் ‘சின்ஸ்’. அது சின்னப் பிழை, அவர் புரிந்துகொண்டார். அடுத்து ‘ஆர் யூ பிரிங்கிங் எனிதிங் அப்?’ என்று கேட்டார். சளி வருகிறதா என்று பொருள். எனக்கு ‘பிரிங்’ மட்டும் காதில் விழுந்ததால் எக்ஸ்ரேயைக் கேமராவுக்கு முன்னால் தூக்கிக் காட்டினேன். வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டதற்கு இல்லை என்றேன். இருமலுக்கு வேறு மருந்து எதுவும் சாப்பிடவில்லை என்ற நினைப்பில் சொன்ன பதில் அது. இரத்த அழுத்த மாத்திரை ஒன்று தினமும் போய்க்கொண்டிருந்தது. அதை மருந்துக் கணக்கிலேயே நான் சேர்க்கவில்லை.

இருமல் தொடங்கிய நாளைச் சரியாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்று அவர் அனுப்பிவிட்டார். அன்று இரவுதான் பழைய பதிவுகளைத் திறந்தேன். ஒவ்வொன்றுக்கும் தேதி இருக்கிறது. பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனால், மூன்று வாரத்துக்கு முன்னாலும் இருமுகிறேன், ஆறு வாரத்துக்கு முன்னாலும் இருமுகிறேன். முதல் இருமல் 11 வாரத்துக்கு முந்தைய பதிவில் இருந்தது. அதற்கு மூன்று வாரத்துக்கு முன்பு பதிவான மூன்று நிமிடத்தில், புதிதாக மாத்திரை ஆரம்பித்திருப்பதைப் பற்றி நானே உடைந்த ஆங்கிலத்தில் புலம்பியிருக்கிறேன்.

இந்த வாரக் கணக்கு ஏன் முக்கியம் என்பதை இரண்டாவது அழைப்பில் புரிந்துகொண்டேன். பெரியவர்களுக்கு மூன்று வாரத்துக்குள் அடங்குகிற இருமல் பெரும்பாலும் சளி, காய்ச்சல் கிருமிகளால் வருவது. நெஞ்சுச்சளி வந்தால் இருமல் சராசரியாக 18 நாள் வரை இழுக்கும் என்பதே பலருக்குத் தெரியாது, ஒரு வாரத்தில் பொறுமை இழந்துவிடுகிறோம். மூன்று முதல் எட்டு வாரம் வரை நீடிப்பது பெரும்பாலும் தொற்று விட்டுப்போன எரிச்சல், சிலருக்குக் கக்குவான். எட்டு வாரத்தைத் தாண்டினால் தேடும் இடமே மாறுகிறது. எக்ஸ்ரே சுத்தமாக, புகைப்பழக்கமும் இல்லாமல் இருந்தால் மூக்கிலிருந்து தொண்டைக்குப் பின்னால் வடியும் நீர், ஆஸ்துமா, வயிற்று அமிலம் மேலேறுவது ஆகிய மூன்றையும்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். ஆஸ்துமாவுக்கு இழுப்பு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, இருமல் மட்டுமே அடையாளமாக இருப்பதும் உண்டு. என் கணக்குப்படி இது மூன்று வாரம், உண்மையில் 11 வாரம்.

இந்த மூன்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி மாத்திரை. ‘பிரில்’ என்று முடியும் இரத்த அழுத்த மருந்துகள், அதாவது எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் போன்றவை, ஏசிஇ என்ற நொதியைத் தடுப்பவை. அந்த நொதி பிராடிகைனின் என்ற பொருளையும் உடைக்கிறது. நொதியைத் தடுத்தால் அது சேர்ந்துகொண்டு, மூச்சுக்குழாயில் இருமலைத் தூண்டும் நரம்பு முனைகளை உசுப்பிவிடும். எல்லாருக்கும் வராது, வருகிறவர்களில் பெண்கள் அதிகம். மாத்திரை தொடங்கிய அன்றே வரலாம், சில மாதம் கழித்தும் வரலாம். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம், இரத்த அழுத்தம் இருமலைவிட மோசமானது. எனக்கு மருத்துவர் ‘சார்டான்’ என்று முடியும் வேறு வகைக்கு மாற்றினார். மறுநாளே நின்றுவிடும் என்று நினைத்தேன். பொதுவாக ஒன்று முதல் நான்கு வாரம், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகுமாம். எனக்கு ஐந்து வாரம்.

இருமலோடு இரத்தம், எடை குறைவு, மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் இப்படி வாரக் கணக்கில் பதிவு கேட்டுக்கொண்டு உட்காரக்கூடாது. காசநோய் உட்பட உடனே பார்க்க வேண்டியவை அதில் இருக்கின்றன. எனக்கு அவை எதுவும் இருக்கவில்லை.

இரண்டாவது அழைப்பில் ‘ஐ ஹேவ் ஹேட் எ டிரை காஃப் ஃபார் லெவன் வீக்ஸ்’ என்று ஆரம்பித்தேன். நான்கு முறை பதிவு செய்து பழகிவிட்டுப் போன வாக்கியம். ‘காஃப்’ என்ற சொல்லே ஒரு வம்பு. அதே கடைசி நான்கு எழுத்து ‘தோ’வில் ஓகாரமாகவும், ‘த்ரூ’வில் ஊகாரமாகவும், ‘டஃப்’பில் வேறு மாதிரியும் ஒலிக்கிறது. விதி தேடிப் பயனில்லை, ஒவ்வொன்றாகக் காதால்தான் பிடிக்க வேண்டும்.

இந்த முறையைப் பரிந்துரைப்பேனா என்றால், பரிந்துரைப்பேன், ஒரு குறையோடு. பதிவு நம் தவறைக் காட்டும், எதிரில் ஆள் இருக்கும்போது வரும் பதற்றத்தைப் போக்காது. அதற்கு ஆளோடுதான் பேச வேண்டும். நான்காவது மாதத்திலேயே அதைத் தொடங்கியிருக்கலாம், பதினோராவது மாதத்தில்தான் தொடங்கினேன்.

நேற்றைய பதிவு 3 நிமிடம் 12 நொடி. இருமல் இல்லை. ‘வொன்லி’ இரண்டு முறை.