35 வயது ஃபார்வர்டு: டிரேமண்ட் கிரீன் வகையா, கவாய் லெனார்டு வகையா?

கோவையில் பாஸ்கெட்பால் டோர்னமென்ட் சீசன் நெருங்கினால் எல்லா கிளப்பிலும் வரும் விவாதம்தான்: வயதான ஃபார்வர்டு ஒருவரை வைத்துக்கொள்வதா, வைத்தால் எந்த மாதிரி ஆளை? தலைப்பில் உள்ள இருவரும் அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் பெயர் வாங்கிய ஃபார்வர்டுகள், அதாவது முன்வரிசை வீரர்கள். எங்கள் அணியில் கிரீன் மாதிரி ஆளைத்தான் எடுத்தோம். அதற்கான காரணம் டிஃபென்ஸ்.

ஃபார்ம் என்று பாயிண்ட்டை மட்டும் எண்ணினால் லெனார்டுக்குப் பக்கத்தில் கிரீன் வர முடியாது. 2025 ஏப்ரலில் டென்வர் அணிக்கு எதிரான பிளே ஆஃப் ஆட்டத்தில் 19 ஷாட்டில் 15 போட்டு 39 பாயிண்ட் எடுத்தார் லெனார்டு. கிரீனை மூன்று பாயிண்ட் கோட்டுக்கு வெளியே எதிரணி ஆளில்லாமலே விட்டுவைக்கும். உங்கள் அணிக்கு ஸ்கோர்தான் பஞ்சம் என்றால் லெனார்டு வகையையே எடுங்கள்.

டிஃபென்ஸில் இருவருமே உச்சம் தொட்டவர்கள். ஆண்டின் சிறந்த டிஃபென்ஸ் வீரர் விருது லெனார்டுக்கு 2015, 2016, கிரீனுக்கு 2017. வயது இவர்களிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

லெனார்டின் டிஃபென்ஸ் பந்து வைத்திருப்பவனின் நெஞ்சுக்கு நேரே நின்று ஆடுவது. இடுப்பைத் தாழ்த்தி, வெளிக்காலை ஊன்றித் தள்ளிப் பக்கவாட்டில் நகர வேண்டும். வயதாகும்போது நேராக ஓடும் வேகத்துக்கு முன்பே இந்தத் தள்ளலும் இடுப்புத் திருப்பமும் குறைந்துவிடும். லெனார்டுக்கு வலது முழங்காலில் 2021இல் ஏசிஎல் (முழங்கால் தசைநார்) காயம், 2021–22 சீசன் முழுக்க ஆடவில்லை. 2023இல் அதே காலில் மெனிஸ்கஸ் (முழங்கால் குருத்தெலும்பு) கிழிந்தது. அந்தப் பெரிய கைகளுக்கு வயதாகாதுதான். ஆனால் கால் அரை அடி பிந்தினால் கை எட்டிப் பிடிக்கப் போகும், ஃபவுல் விழும்.

கிரீனின் வேலை பந்துக்கு எதிர்ப்பக்கம். பிக் அண்ட் ரோலில், அதாவது ஒருவன் டிஃபென்ஸ் ஆளின் வழியை உடம்பால் மறித்து (ஸ்க்ரீன்) உடனே கூடைக்கு ஓடும் ஆட்டத்தில், ஸ்க்ரீன் போட்டவன் கூடையை நோக்கி உருளும்போது, அவன் கைக்குப் பந்து வருமுன்பே எதிர்ப்பக்கத்துக் கடைசி ஆள் பெயிண்ட்டுக்குள் (கூடைக்கு அடியில் வரைந்த கட்டம்) ஒரு கால் வைத்திருக்க வேண்டும். பாஸ் கார்னருக்குத் திரும்பினால் அங்கே ஓட வேண்டும். நடுவில் இரண்டு பேருக்கு ஒருவராய் மாட்டிக்கொண்டால், பந்து வைத்திருப்பவன்மேல் பாய்வதுபோல் காட்டிவிட்டு உயரமானவனிடம் திரும்ப வேண்டும். ஸ்விட்சில் (காவல் காக்கும் ஆளை மாற்றிக்கொள்ளும்போது) பந்தைக் கொண்டுவரும் குட்டை வீரரான கார்டு பெரிய ஆளிடம் சிக்கினால், “நீ கார்னருக்குப் போ கண்ணு, இவனை நான் பாத்துக்கறேன்” என்று பாஸ் வருமுன் அந்தக் கார்டை வெளியே அனுப்ப வேண்டும். எல்லாம் இரண்டு மூன்று அடி எடுத்து வைக்கும் வேலைதான். அந்த அடியை முன்கூட்டியே வைக்கத் தெரிய வேண்டும், அவ்வளவே. வெறும் 1.98 மீட்டர் உயரத்தோடு, 35 வயதில், 2025இல் அவர் ஆல் டிஃபென்சிவ் முதல் அணியில் இடம் பிடித்ததும், சிறந்த டிஃபென்ஸ் வீரர் வாக்கெடுப்பில் மூன்றாவதாக வந்ததும் இதனால்தான்.

நம் ஊரில் இந்த வகைக்கு மதிப்பு இன்னும் கூடுதல். என்பிஏவில் கைக்கெட்டும் தூரத்தில் ஒருவனைக் காவல் காக்காமல் டிஃபென்ஸ் ஆள் பெயிண்ட்டில் 3 விநாடி நிற்க முடியாது. நாம் ஆடும், சர்வதேச சம்மேளனமான ஃபிபாவின் விதியில் அந்தத் தடை இல்லை. கூடைக்கு நேர் எதிரே மூன்று பாயிண்ட் கோடும் 7.24க்குப் பதில் 6.75 மீட்டர், வெளியே ஓடும் தூரம் அரை மீட்டர் மிச்சம். கார்னரில் வித்தியாசம் சொற்பம்தான்.

சிக்கலும் உண்டு. ஃபிபாவில் 5 ஃபவுல், என்பிஏவில் 6. வாயாடும் ஆள் ரெஃப்ரியிடமும் வாயாடுவார். இரண்டு டெக்னிக்கல் ஃபவுல் (நடத்தைக்கான தண்டனை) விழுந்தால் வெளியே போக வேண்டியதுதான். கிரீனே 2023–24இல் எதிரணி வீரரை அடித்து 12 ஆட்டம் தடையில் இருந்தார். ரெஃப்ரியிடம் கேப்டன் மட்டும் பேசுவது என்று முதலிலேயே கண்டிப்பாக வைத்துவிடுங்கள்.

ஆள் கிடைப்பாரா என்பதில் தீர்ப்பு ஒருபக்கம் சாயவில்லை. 2024–25இல் கிரீன் 68 ஆட்டம், லெனார்டு 37. அதற்கு முந்தைய சீசனில் லெனார்டு 68, கிரீன் 55. ஆனால் அடுத்தடுத்த நாள் ஆட்டத்தில் ஒன்றை விட்டுவிட்டு ஓய்வெடுக்கும் வசதி நம் டோர்னமென்ட்டில் கிடையாது, பல ஊர்களில் தரையும் சிமெண்ட். ஏற்கெனவே முழங்கால் அறுவை முடிந்த ஆள் என்றால், எந்த வகையாக இருந்தாலும் நான் உறுதி சொல்ல மாட்டேன்.

எடுக்குமுன் நாலுக்கு நாலு ஷெல் டிரில் (நாலு பேர் பந்தைச் சுற்ற, நாலு பேர் இடம் மாறித் தடுக்கும் பயிற்சி) விட்டுப் பாருங்கள், அதுவும் உடம்பு களைத்த பத்தாவது நிமிடத்தில். பேஸ்லைனை (கூடைக்குப் பின்னுள்ள எல்லைக்கோடு) ஒட்டி ஒருவன் பந்தோடு கூடைக்குப் பாயும் டிரைவ் வரும்போது, டிரைவ் செய்பவன் பந்தைக் கையில் எடுக்குமுன் இவர் பெயிண்ட்டில் இருக்கிறாரா? ஸ்க்ரீனுக்கு முன்பே குரல் வருகிறதா? கார்னருக்குக் குளோஸ் அவுட் (ஷாட் போடப்போகிறவனை நோக்கி ஓடித் தடுப்பது) போகையில் கடைசி ஒரு மீட்டரில் அடிகளைச் சுருக்கிக் கையைத் தூக்குகிறாரா, நிற்க முடியாமல் தாண்டிப் போகிறாரா? தாண்டினால் கால் போய்விட்டது. மறுநாள் காலையில் முழங்கால் வீங்கியிருக்கிறதா என்றும் கேளுங்கள். எடுத்த பிறகு வேகமான கார்டின்மேல் நேராக விடாதீர்கள். ரீபவுண்டுக்கு முதலில் உடம்பால் மறிக்கச் சொல்லுங்கள், இரண்டாவது குதி அவருக்கு வராது. 40 நிமிடத்தில் 18 முதல் 20 போதும். நாலைந்து நிமிடத் துண்டுகளாக விட்டு, கடைசி 5 நிமிடத்துக்கு இரண்டு ஃபவுலாவது மிச்சம் வைத்திருங்கள்.